இரண்டு ஜான்கள், நாற்பது வருடம்: முதலில் எந்த ஆல்பம்?

போன மாதம் சித்தி மகன் போன் பண்ணினான். "அண்ணா, நீ அடிக்கடி சொல்லுவியே, அந்த அக்கார்டியன் கோஷ்டி. அவங்களைக் கேட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். ஒரே ஒரு ஆல்பம் சொல்லு. பிடிச்சா மத்ததுக்குப் போறேன், பிடிக்கலன்னா விட்டுடுவேன்."

அவன் சொன்ன கோஷ்டி தே மைட் பி ஜயண்ட்ஸ். 'மால்கம் இன் த மிடில்' தொடரின் முகப்புப் பாட்டைத் தவிர அவர்களுடைய எதையும் அவன் கேட்டதில்லை. கேள்வி சின்னதுதான். பதில் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. 1982-இல் தொடங்கி இன்னும் கலையாத குழு, இருபதுக்கு மேல் ஸ்டுடியோ ஆல்பங்கள். இதில் ஒன்றைத் தப்பாகக் கொடுத்துவிட்டால் ஆள் திரும்பி வரவே மாட்டான். எனக்கே அப்படி ஆகியிருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன்.

குழு என்றால் அடிப்படையில் இரண்டு பேர். ஜான் லினல், ஜான் ஃப்ளான்ஸ்பர்க். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள். 1981-இல் நியூயார்க்கின் புரூக்ளினுக்கு, ஒரே கட்டடத்துக்குக் குடிவந்தார்கள். லினல் அக்கார்டியன், கீபோர்டு, சாக்ஸபோன். மூக்கால் பாடுவது போன்ற குரல். ஃப்ளான்ஸ்பர்க் கிட்டார், கொஞ்சம் உரத்த, நாடகக்காரக் குரல். அப்போது டிரம்மர் கிடையாது. தாளத்துக்கு ஒரு இயந்திரமும் பதிவு செய்த டேப்பும். குழுவின் பெயர் 1971-இல் வந்த ஒரு படத்தின் தலைப்பு. காற்றாலைகளை அரக்கர்கள் என்று நினைத்துச் சண்டைக்குப் போன நாவல் நாயகன் டான் கிஹோட்டேயை நினைத்து வைத்த தலைப்பு அது. யாருக்குத் தெரியும், ஒருவேளை அரக்கர்களாகவே இருக்கலாம் என்கிற மாதிரி.

எந்த ஆல்பம் என்று பார்ப்பதற்கு முன்னால் தொலைபேசிக் கதை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு சரியாக வராது.

எண்பதுகளின் முதல் பாதி. லினல் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அதே சமயத்தில் ஃப்ளான்ஸ்பர்க் வீட்டில் திருடர்கள் புகுந்து கருவிகளை எடுத்துப் போய்விட்டார்கள். மேடை ஏற வழியில்லை. ஆனால் பாட்டு மட்டும் வந்துகொண்டே இருந்தது. என்ன செய்தார்கள் என்றால், ஃப்ளான்ஸ்பர்க் வீட்டுத் தொலைபேசியின் பதிலளிப்பு இயந்திரத்தில் ஒரு பாட்டைப் பதிந்து வைத்துவிட்டு, 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகையில் எண்ணை விளம்பரம் செய்தார்கள். டயல்-எ-சாங் என்று பெயர். எண்ணைச் சுழற்றினால் பாட்டு கேட்கலாம், புரூக்ளின் வீட்டு எண்தான், அதனால் உள்ளூர் அழைப்புக்கு ஆகும் காசு மட்டும். அலுவலகத்திலிருந்து கூப்பிட்டால் இலவசம் என்று விளம்பரத்திலேயே குசும்பு. ஒரே ஒரு லைன், ஒரே ஒரு இயந்திரம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேட்க முடியும். மற்றவர்களுக்கு எங்கேஜ்டு டோன்.

ஒரு தடவை யாரோ ஒரு பெண் தன் தோழியையும் லைனில் சேர்த்துக்கொண்டு அந்த எண்ணைக் கூப்பிட்டிருக்கிறார். பாட்டு முடிந்த பிறகும் இயந்திரம் பதிவு செய்துகொண்டிருப்பது தெரியாமல், இவர்கள் யார், இதில் இவர்களுக்கு எப்படிக் காசு வரும் என்று இருவரும் குழம்பிப் பேசிக்கொள்கிறார்கள். ஜான்கள் அந்தப் பேச்சை அப்படியே ஒரு இசைத்தட்டில் சேர்த்து வெளியிட்டுவிட்டார்கள். ஒரு குழுவைப் பற்றி இவ்வளவு நேர்மையான விமர்சனத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இந்தக் கதையை இங்கே கொண்டுவரக் காரணம் உண்டு. முகம் தெரியாத ஒருவர் காதில் ரிசீவரை வைத்துக்கொண்டு நிற்கிறார். பிடிக்கவில்லை என்றால் அடுத்த நொடி வைத்துவிடுவார். அவருக்காக எழுதிப் பழகிய பாட்டுகள் இவை. அதனால்தான் பெரும்பாலானவை இரண்டு, இரண்டரை நிமிடம். முன்னிசை என்று இழுப்பதில்லை. ஒரு யோசனை, ஒரு மெட்டு, முடிந்தது. எந்த ஆல்பத்தில் இந்தக் குணம் நன்றாகத் தெரிகிறதோ அதுதான் முதல் ஆல்பமாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. இன்னொரு கணக்கும் இருக்கிறது: ஆங்கில வரிகளை ஒன்று விடாமல் பிடிக்காத ஒருவர் கேட்டாலும் நிற்குமா? நம்மில் பலர் முதல் தடவை மெட்டைத்தான் கேட்கிறோம். வார்த்தை மூன்றாவது தடவைதான் காதில் விழுகிறது. இந்தக் குழுவோ வார்த்தையால் வாழ்கிற குழு.

சரி, யாரைக் கேட்டாலும் வரும் பதில் 'ஃப்ளட்'. 1990 ஜனவரியில் வந்தது. எலெக்ட்ரா என்ற பெரிய நிறுவனத்தில் அவர்களுடைய முதல் ஆல்பம். 19 பாட்டு, 43 நிமிடம். மேட்னஸ், எல்விஸ் காஸ்டெல்லோ போன்றவர்களுக்கு வேலை செய்த கிளைவ் லாங்கர், ஆலன் வின்ஸ்டான்லி என்ற பிரிட்டிஷ் தயாரிப்பாளர் ஜோடியைக் கூப்பிட்டு, பணத்தின் பெரும்பகுதியை நான்கே பாட்டுகளில் கொட்டினார்கள். மீதிப் பதினைந்தைத் தாங்களே செய்தார்கள். நான்கில் ஒன்று 'பேர்ட்ஹவுஸ் இன் யுவர் சோல்'. சுவரில் செருகியிருக்கும் நீலக் குருவி வடிவ இரவு விளக்கு, அறையில் படுத்திருப்பவரிடம் தன்னைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்கிற பாட்டு. பிரிட்டனில் ஆறாம் இடம் வரை போனது. இன்னொன்று 'இஸ்தான்புல்', 1953-இல் வேறு குழு பாடிப் பிரபலமாக்கிய பழைய பாட்டு. அதை வயலினும் வேகமுமாக மாற்றிப் பாடினார்கள். இன்று அது இவர்கள் பாட்டு என்றே பாதிப் பேர் நினைக்கிறார்கள். அடுத்த ஆண்டு 'டைனி டூன் அட்வென்சர்ஸ்' கார்ட்டூன் தொடரில் அதையும் 'பார்ட்டிகிள் மேன்' பாட்டையும் எடுத்துப் படமாக்கினார்கள். அமெரிக்காவில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குக் குழு அறிமுகமானதே அப்படித்தான். ஆல்பம் பிளாட்டினம் சான்று வாங்கியது. இவர்களுடைய வேறெந்த ஆல்பமும் அந்தப் பக்கம் போகவில்லை.

மெட்டு என்று பார்த்தால் 'ஃப்ளட்'டை மிஞ்ச ஆளில்லை. வார்த்தை ஒன்றுகூடப் புரியாவிட்டாலும் 'பேர்ட்ஹவுஸ்' நெஞ்சில் உட்கார்ந்துவிடும். பழைய விஸ்வநாதன்-ராமமூர்த்தி பாட்டுகளில் அக்கார்டியன் கேட்டு வளர்ந்த காது என்றால் அந்தக் கருவியும் அந்நியமாகத் தெரியாது. அப்புறம் என்ன, இதையே சொல்லிவிடலாமே?

இங்கேதான் என் கதை வருகிறது. கல்லூரி நாட்களில் விடுதி நண்பன் ஒருவன் கொடுத்த கேசட் 'ஃப்ளட்'. ஒரு வாரம் விடாமல் கேட்டேன், சிரித்தேன், திருப்பிக் கொடுத்தேன். கேலிப் பாட்டுக் கோஷ்டி என்று மனதில் ஒரு முத்திரை குத்திவிட்டு, பத்து வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. தப்பு என்னுடையது மட்டும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அந்த ஆல்பம் அரை நிமிடம்கூட ஓடாத ஒரு கூட்டுப்பாட்டில் தன் வருகையைத் தானே அறிவித்துக்கொண்டு தொடங்குகிறது. குழுவின் பெயரிலேயே ஒரு பாட்டு இருக்கிறது. நடுவில் குறைந்தபட்சக் கூலி என்று பெயர் வைத்து, சாட்டை அடிக்கும் சத்தத்தோடு முக்கால் நிமிடச் சமாச்சாரம் ஒன்று. சிரிப்பு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. அதன் பின்னால், செத்துப்போய் மளிகைப் பையாகத் திரும்பி வந்தவன் பாடுகிற பியானோப் பாட்டு ஒன்று இருப்பதை நான் கவனிக்கவே இல்லை. விருந்தில் நிறவெறி பேசுகிறவனையும், அவனைச் சகித்துக்கொள்ளும் நண்பனையும் பற்றி நேரடியாகக் கோபப்படுகிற பாட்டையும் நகைச்சுவை என்றே நினைத்துக் கேட்டிருக்கிறேன். 'ஃப்ளட்' உடனே பிடித்துவிடும். உடனே பிடித்ததை நாம் உடனே அளந்து மூடியும் வைத்துவிடுகிறோம்.

அதற்கு இரண்டு வருடம் முந்தியது 'லிங்கன்'. 1988, பார்/நன் என்ற சின்ன நிறுவனம், 18 பாட்டு, நாற்பது நிமிடம். லிங்கன் என்பது ஜனாதிபதி இல்லை, மாசசூசெட்ஸில் அவர்கள் வளர்ந்த ஊர். செலவு குறைவு என்பது கேட்கும்போதே தெரியும். டிரம் இயந்திரம் டப்பா தட்டுவது போலத்தான் இருக்கிறது, பளபளப்பு இல்லை. ஆனால் முதல் பாட்டின் முதல் நொடியிலேயே ஒரு கிட்டார் வெட்டி வெட்டி வந்து நிற்கும் பாருங்கள், அதற்கு ஈடான தொடக்கம் 'ஃப்ளட்'டில் இல்லை.

அந்தப் பாட்டு 'ஆனா எங்'. நியூயார்க் தொலைபேசிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் உயிரெழுத்தே இல்லாமல் Ng என்று எழுதும் ஒரு சீனக் குடும்பப் பெயர் பத்தி பத்தியாக வருவதைப் பார்த்து லினல் எழுதியது. ங வரிசையை மனப்பாடம் செய்துவிட்டு வாழ்நாளில் தொடாத நமக்கு அந்தப் பெயரைச் சொல்வதில் சிரமம் ஒன்றும் இல்லை, ஆங்கிலேயனுக்குத்தான் நாக்கு சுளுக்கும். உலக உருண்டையில் தனக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிற, பார்த்தே இராத ஒரு பெண்மேல் ஒருவனுக்கு ஏக்கம். அவள் இருக்கிறாளா என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் நான் கேட்ட காதல் பாட்டுகளில் இவ்வளவு தொலைவை வைத்து எழுதியது வேறில்லை. இதில் 1964 நியூயார்க் உலகக் கண்காட்சி ஒரு வரியில் வருகிறது, கூட்டமாகக் கத்தும் பொம்மைகளோடு. அது டிஸ்னி அந்தக் கண்காட்சிக்காகச் செய்த பொம்மைச் சவாரி. உலகமே சின்னதுதான் என்று பாடும் பொம்மைகள். உலகம் அப்படியொன்றும் சின்னதில்லை என்று அழுகிறவன் பாட்டில் அவற்றைக் கொண்டுவந்து நிறுத்தியதுதான் லினலின் கெட்டிக்காரத்தனம். இந்தக் கண்காட்சியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

'லிங்கன்' ஆல்பத்தில் இன்னொன்று 'தேல் நீட் எ கிரேன்'. துள்ளலான மெட்டு. கிரேன் என்ற சொல்லைக் கேட்டுக் கட்டுமான வேலை பற்றிய வேடிக்கை என்று நினைத்துவிடலாம். ஒரு ஜோடி பிரிந்துகொண்டிருக்கிறது. அவளுக்காக அவன் கட்டிய வீட்டை இடித்துத் தூக்க கிரேன் வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அறுபதுகளின் வரலாற்றை முழுக்கத் தப்பும் தவறுமாக நினைவுவைத்திருக்கும் ஒருவனின் உளறல் ஒரு பாட்டு. கடைசிப் பாட்டில் ஒரு சர்வாதிகாரி நரம்பிசைக்கு நடுவே நின்று, மக்கள் தன்னை எவ்வளவு நேசிக்கிறார்கள் என்று இனிமையாகச் சொல்கிறான். சிரிப்பு இங்கேயும் உண்டு, ஆனால் பின்வரிசையில்.

குறை என்ன? வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காவிட்டால் 'லிங்கன்' பாதிதான் கிடைக்கும். 'ஃப்ளட்' போல மெட்டே எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போகாது. பதினெட்டில் நாலைந்து பாட்டு வெறும் சேட்டை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பல் வைத்த ஷூ கரண்டி பற்றிய பாட்டை நானே பல நாள் தாண்டிப் போயிருக்கிறேன்.

1986-இல் வந்த முதல் ஆல்பம் குழுவின் பெயரிலேயே வந்தது, 19 பாட்டு. தொலைபேசிக் காலத்தின் நேரடி வாரிசு இதுதான். 'டோன்ட் லெட்ஸ் ஸ்டார்ட்' என்ற பாட்டின் காணொளியை எம்டிவி திரும்பத் திரும்பக் காட்டியதால்தான் புரூக்ளினுக்கு வெளியே இவர்களை ஆட்களுக்குத் தெரிந்தது. அந்தக் காணொளி எடுத்த இடம் ஃப்ளஷிங் மெடோஸ் பூங்கா, 1964 உலகக் கண்காட்சிக்குக் கட்டி அப்படியே துருப்பிடிக்க விட்ட நியூயார்க் மாநில அரங்கு. முதல் ஆல்பத்தை முதலில் கேட்பதுதான் முறை என்று சிலர் வாதாடுவார்கள். வரலாற்று மாணவருக்கு அது சரி. மற்றவர்களுக்கு 'லிங்கன்' பிடித்த பிறகு பின்னோக்கி வருவதுதான் சுகம். ஏனென்றால் இது இன்னும் கரடுமுரடு, பாட்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன.

'அப்பல்லோ 18', 1992. ரத்தான நிலவுப் பயணத்தின் பெயர். அது சர்வதேச விண்வெளி ஆண்டு என்பதால் இவர்களுக்கு அந்த ஆண்டின் இசைத் தூதர் பட்டமும் கிடைத்தது. இதில் 'ஃபிங்கர்டிப்ஸ்' என்று சில நொடிகளே ஓடும் 21 துண்டுகள் இருக்கின்றன. சிடி பிளேயரில் ஷஃபிள் பொத்தானை அழுத்தினால் இவை மற்ற பாட்டுகளுக்கு நடுநடுவே சிதறி வர வேண்டும் என்பது திட்டம். ஒவ்வொன்றும், எங்கோ வானொலியில் பாதி கேட்டு நின்றுபோன பாட்டின் பல்லவி போல இருக்கும். கேட்பவர்கள் பொத்தானை அழுத்தினார்களோ இல்லையோ, இந்தத் துண்டுகளை வரிசையாகவே மனப்பாடம் செய்துவிட்டார்கள். குழு மேடையிலும் அதே வரிசையில்தான் வாசிக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த ஆல்பம். புதியவருக்குக் கொடுக்க மாட்டேன்.

இங்கே ஒரு கோடு கிழித்துவிட வேண்டும். இதுவரை சொன்ன நான்கும் இரண்டு பேரும் இயந்திரமும். 1994-இல் 'ஜான் ஹென்றி' வந்தபோது மனித டிரம்மர், பாஸ், ஊதுகருவிகள் எல்லாம் வந்துவிட்டன. நீராவி இயந்திரத்தோடு போட்டி போட்டு, கையால் சுத்தியல் அடித்து ஜெயித்துச் செத்துப்போன தொழிலாளியின் பெயர் அது, அமெரிக்க நாட்டுப்புறக் கதை நாயகன். டிரம் இயந்திரத்தைத் தூக்கிப் போட்ட ஆல்பத்துக்கு இந்தப் பெயர் வைத்ததில் நமட்டுச் சிரிப்பு தெரிகிறது. பழைய ரசிகர்களுக்குக் கோபம். சத்தம் பெரிசாகிவிட்டது, மற்ற ராக் குழுக்கள் மாதிரி ஆகிவிட்டார்கள் என்று. அந்தக் கோபத்தில் பாதி நியாயம். 20 பாட்டு என்பது இந்த அளவு சத்தத்துக்கு நீளம். ஆனால் 'நோ ஒன் நோஸ் மை பிளான்' மாதிரி, சிறைக் கைதி ஒருவன் கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ சொன்ன குகைக் கதையைப் பற்றி யோசித்துக்கொண்டே ஆடவைக்கிற பாட்டை இரண்டு பேரும் டேப்பும் செய்திருக்க முடியாது. இயந்திரத் தாளம் காதுக்கு ஒத்துவராத ஆள், மற்றபடி ராக் கேட்டுப் பழகியவர் என்றால் 'ஜான் ஹென்றி' ஒரு வழி. இரண்டு வருடம் கழித்து வந்த 'ஃபேக்டரி ஷோரூம்' அதைவிடச் சுத்தமானது, அளவானது. அதில் ஒரு பாட்டை நியூஜெர்சியில் எடிசன் ஆய்வுக்கூட அருங்காட்சியகத்துக்குப் போய், மின்சாரமே இல்லாமல், மெழுகு உருளையில் பதிவு செய்தார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய கருவியின் கரகரப்புக்குள் அவர்கள் கத்திப் பாடுவது, கார் அலாரம், கட்டட வாசல் இன்டர்காம் போன்ற நவீனக் கருவிகள் வழியாக வரும் மோசமான ஒலியைப் பற்றி. இதை விளக்கினால் நகைச்சுவை கெட்டுவிடும். விளக்கிவிட்டேன், மன்னிக்கவும்.

நடுவில் உள்ள வருடங்களை வேகமாகக் கடந்துவிடலாம். எலெக்ட்ரா போனது. 1999-இல் எம்பி3 கோப்புகளாக மட்டும் ஒரு ஆல்பம் விட்டார்கள், அப்போது அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. 'மிங்க் கார்' வெளியான தேதி 2001 செப்டம்பர் 11. அந்த ஆல்பத்தைப் பற்றி அதற்கு மேல் யாரும் பேசாமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். மால்கம் பாட்டுக்கு 2002-இல் கிராமி.

அதே 2002-இல் 'நோ!' வந்தது, குழந்தைகளுக்கான முதல் ஆல்பம். இதுதான் குழுவின் இரண்டாவது பிறவி. அடுத்து டிஸ்னி கூப்பிட்டது. 2005-இல் எழுத்துகள் பற்றி, 2008-இல் எண்கள் பற்றி, 2009-இல் அறிவியல் பற்றி என்று மூன்று ஆல்பங்கள். எண்கள் ஆல்பம் கிராமி வாங்கியது. 1988-இல் டிஸ்னியின் பொம்மைகளைக் கத்த வைத்து வேடிக்கை பார்த்தவர்கள், பதினேழு வருடம் கழித்து டிஸ்னி சம்பளத்தில் அ ஆ இ ஈ பாடினார்கள். சிலர் இதை விலைபோனது என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ரிசீவரைக் காதில் வைத்திருக்கும் அந்நியரைப் போலத்தான் ஐந்து வயதுக் குழந்தையும்: பிடிக்கவில்லை என்றால் அடுத்த நொடி எழுந்து போய்விடும். இவர்களுக்கு அது பழகிய வேலை.

மூன்றில் எது என்றால் சந்தேகமே இல்லை, 'ஹியர் கம்ஸ் சயின்ஸ்'. தனிமங்கள், ஒளிச்சேர்க்கை, வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் உள்ள வித்தியாசம், ரத்த ஓட்டம் என்று பள்ளிப் பாடம் மாதிரிதான் பட்டியல் இருக்கும், பாட்டுகள் அப்படி இல்லை. சரிபார்க்க நியூயார்க் அறிவியல் கூடத்திலிருந்து ஒரு நிபுணரை வைத்துக்கொண்டார்கள். அந்தக் கூடம் இருப்பது எங்கே தெரியுமா? அதே ஃப்ளஷிங் மெடோஸ் பூங்காவில், அதே 1964 கண்காட்சிக்காகக் கட்டிய கட்டடத்தில். இந்த ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு திருத்தம். 1959-இல் வந்த குழந்தைகள் அறிவியல் இசைத்தட்டு ஒன்றில், சூரியன் எரிந்து ஒளிரும் வாயுத் திரள் என்று ஒரு பாட்டு உண்டு. இவர்கள் அதை 1993-இலேயே எடுத்துப் பாடி, மேடைதோறும் பாடிவந்தார்கள். இந்த ஆல்பத்தில் அதை மறுபடி பாடிவிட்டு, அடுத்த பாட்டிலேயே, மன்னிக்கவும், அந்தக் கூற்று இன்றைக்குச் செல்லாது, சூரியன் வாயு இல்லை, பிளாஸ்மா என்று புதுப் பாட்டு போட்டார்கள். பதினாறு வருடமாகப் பாடிவந்த பாட்டுக்குத் தாங்களே பிழைதிருத்தம் போட்ட வேறு ராக் குழு எனக்குத் தெரியாது.

வார்த்தைக் கணக்குக்கு வந்தால், எல்லா ஆல்பங்களிலும் இதுதான் தெளிவு. உச்சரிப்பு, வேகம், சொல்தேர்வு எல்லாம் குழந்தைக்குப் புரிய வேண்டும் என்று செய்தது. ஆங்கிலப் பாட்டு வரிகள் ஓடிப்போய்விடுகிறது என்று சொல்கிற பெரியவர்களுக்கும் இதைவிட நல்ல வாசல் கிடையாது. ஒரே சிக்கல், இதில் சோகம் இல்லை. இருக்கவும் கூடாது. அதனால் குழுவில் பாதியைத்தான் இது காட்டும்.

பிந்தைய ஆல்பங்களை எடுத்தால் 2018-இல் வந்த 'ஐ லைக் ஃபன்'. தலைப்பை நம்ப வேண்டாம், முழுக்க மரணம். கணவன் கையால் செத்துப்போன மனைவி தன் நிலைமையை நிதானமாக அலசுகிற பாட்டு, உடம்பை விட்டுக் கிளம்பிவிட்டவன் பாட்டு, கடைசிப் பாட்டில் எல்லோரும் அச்சத்திலேயே போய்ச் சேரப்போகிறோம் என்கிற அறிவிப்பு. அறுபதைத் தொடும் வயதில் இரண்டு பேர் இவ்வளவு உற்சாகமாகச் சாவைப் பற்றிப் பாடுவது கேட்கக் கேட்கப் புதிதாக இருக்கிறது. டான் மில்லர், டேனி வைன்காஃப், மார்ட்டி பெல்லர் என்று பல வருடம் கூட வாசித்த ஆட்களோடு செய்தது, அதனால் வாத்தியக்கட்டு கெட்டி. முதல் ஆல்பமாகக் கொடுத்தால் கெட்டுப்போகாது. ஆனால் முப்பது வருடப் பழக்கம் இருந்தால் அதன் ருசியே வேறு. 2021-இல் 'புக்' என்ற ஆல்பத்தை 144 பக்கப் புத்தகத்தோடு சேர்த்தே வெளியிட்டார்கள். அழகான பொருள், அலமாரிக்கு. முதலில் வாங்க வேண்டாம்.

தொகுப்பு வாங்கினால் என்ன என்று கேட்கலாம். 2002-இல் வந்த இரட்டைத் தொகுப்பில் 52 பாட்டு இருக்கிறது. கல்யாண வீட்டில் முதல் பந்தியிலேயே ஐம்பத்திரண்டு பதார்த்தமும் இலையில் வைத்தால் எதன் ருசியும் நிற்காது. இவர்களுடைய பாட்டுகள் ஒன்றுக்கொன்று அவ்வளவு வேறாக இருப்பதால் இன்னும் மோசம். வேண்டாம். முதல் இரண்டு ஆல்பங்களையும் மற்ற உதிரிகளையும் சேர்த்து 72 பாட்டுகளோடு 1997-இல் வந்த 'தென்' என்ற தொகுப்பு வேறு வகை. அது பிடித்துப்போனவர்களுக்கு. அப்புறம், மேடையில் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாமா என்றால், அந்த ஊரில் இருப்பவர்களுக்குத் தாராளமாக. 'ஃப்ளட்' முழுவதையும் வாசிக்கும் நிகழ்ச்சிகளில் ஒரு பாட்டை மட்டும் பின்னிலிருந்து முன்னாக, எழுத்துகளைத் தலைகீழாக உச்சரித்துப் பாடுவார்கள். இடைவேளைக்குப் பிறகு அந்தப் பதிவைத் திருப்பி ஓட்டிக் காட்டினால் பாட்டு நேராக வரும். 2022 ஜூனில், தொற்றுக் காலத்துக்குப் பிறகு ஏறிய முதல் மேடை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஃப்ளான்ஸ்பர்க் கார் விபத்தில் சிக்கி ஏழு விலா எலும்பு முறிந்தது. தேறி வந்து மறுபடி மேடையேறினார். சென்னைக்கு வரமாட்டார்கள் என்பதால் இந்த வழி நமக்கு அடைப்புதான்.

ஆக, என் கையில் மிஞ்சியது மூன்று. 'ஃப்ளட்', 'லிங்கன்', 'ஹியர் கம்ஸ் சயின்ஸ்'. தனியாக, இரவில், வரிகளைப் பார்த்துக்கொண்டு கேட்கப் பொறுமை இருக்கிறவருக்கு 'லிங்கன்'. காரில், நாலு பேரோடு, பேச்சுக்கு நடுவே ஓட வேண்டும் என்றால் 'ஃப்ளட்', ஆனால் அத்தோடு மூடி வைக்கக் கூடாது. வீட்டில் நாலிலிருந்து பத்து வயதுக்குள் ஒரு உருப்படி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அறிவியல்தான். ஒன்றே ஒன்று என்று கழுத்தில் கத்தி வைத்தால் 'லிங்கன்' என்றுதான் சொல்வேன். ஊரே 'ஃப்ளட்' என்று சொல்லும், சொல்லட்டும்.

சித்தி மகனுக்கு ஆறு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். ஒன்று கேட்டவனுக்கு இரண்டு சொன்னேன். "பகல்ல பாப்பாவோட சயின்ஸ் கேளு. அவ தூங்கினப்புறம் லிங்கன். வரிகளைத் திறந்து வெச்சுக்கோ."

பத்து நாள் சத்தமில்லை. அப்புறம் குரல் செய்தி ஒன்று வந்தது, அவன் குரல் இல்லை. "பெரியப்பா, சூரியன் கேஸ் இல்ல, பிளாஸ்மா. அப்பாவுக்கே தெரியல." பின்னால் அவள் அம்மா சிரிக்கிற சத்தம்.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு அவனே கூப்பிட்டான். கொஞ்ச நேரம் அலுவலகக் கதை, மழை வந்ததா என்கிற விசாரிப்பு. வைக்கப்போகும் நேரத்தில் கேட்டான்.

"அண்ணா, அந்தக் கிரேன் பாட்டு... அது சோகப் பாட்டா?"

"ஆமாடா."

"நான் நாலு நாளா டிபன் சாப்பிடறப்ப அதைப் போட்டு ஆடிட்டு இருந்தேன்" என்றான்.